கூவிவிட்டு ஏறுங்கள்

முகத்தில் சோப்புப் போட்டிருந்தேன். கண்ணைத் திறக்க வழியில்லை. ஒரு கை செம்பைத் தேடிக் கல்லின் மேல் துழாவிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கையன் கூவினான்.

“பூ…ஹோய்! ஆளு கேறுதே…ய்!”

எங்கள் மண்டபத்தெருவில், ஆள் ஏறுகிறது என்ற அந்தக் கூவல் கேட்டால் ஒரு பெண் என்ன செய்வாளோ அதை நானும் செய்தேன். மார்பில் கட்டியிருந்த முண்டுத்துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூடிய கண்ணோடு, கிணற்றடியிலிருந்து பின்கட்டுக்கு ஒரே ஓட்டம். வழியில் என் மாமியார் காயப்போட்டிருந்த மரச்சீனிக் கிழங்கு வற்றலெல்லாம் காலில் மிதிபட்டு நொறுங்கியது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தெரு நெடுகப் பின்கதவுகள் சாத்தும் சத்தம் படபடவென்று கேட்டது.

என் வீட்டுக்காரரின் அரசியல் வாழ்க்கையிலேயே பெரிய நாள் அது. அந்தக் கூவலால் எல்லாம் கெட்டது என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணக்கு வேறு.

போன வாரம் இந்தப் பகுதியில் என் கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் சின்ன நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டாள். “மைனி, நீங்க எழுதினதில் பாதி பொய்யாக்கும்” என்றாள். எந்தப் பாதி என்று கேட்டேன். “எனக்கு மிட்டாய் தரல்லன்னு எழுதினியள்லா, அந்தப் பாதி” என்றாள். இந்த வாரம் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. நிம்மதியாகப் படிக்கலாம்.

எங்கள் தெரு

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சின்னத் தெரு எங்களுடையது. ராஜாக்கள் பல்லக்கில் போன காலத்தில் சுமைக்காரர்கள் தங்கிப் போகக் கட்டிய கல்மண்டபம் ஒன்று தெரு முனையில் இருந்தது. அதை வைத்துத்தான் தெருவுக்குப் பெயர். ஒரு பக்கம் சின்னக் கோவில், மறுபக்கம் அதைவிடச் சின்ன சர்ச். நடுவில் ஓட்டு வீடுகள்.

ஒரு வீடும் இன்னொரு வீட்டைவிட உயரமில்லை. தெருவில் யாருக்கும் மாடி கிடையாது. கோவில் கூரைக்கு மேலே வீட்டுக்கூரை போகக்கூடாது என்று ஒரு சாரார் சொல்வார்கள். மாடி கட்ட யாரிடமும் வசதி இல்லை என்பது நான் கண்டது.

தெருவில் தமிழும் மலையாளமும் கலந்துதான் புழங்கும். சண்டை தமிழில் தொடங்கினால் மலையாளத்தில் முடியும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து பார்கவி சேச்சி வீட்டுக்கும் ஒரே கிணறு. கிணற்றின் நடுவில் குறுக்கே ஒரு சுவர். இந்தப் பக்கம் எங்கள் வாளி, அந்தப் பக்கம் அவர்கள் வாளி. தண்ணீர் மட்டும் ஒன்று.

எல்லைக் கிளர்ச்சி சூடாக இருந்த காலம் அது. நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, இங்கேயே திருவனந்தபுரத்தோடு இருக்குமா என்பதுதான் காலையும் மாலையும் பேச்சு. என் வீட்டுக்காரர் தையல்காரர். தமிழ்ப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கு அவர்தான் தலைவர். பார்கவி சேச்சியின் வீட்டுக்காரர் மாதவன் அண்ணன் எதிர்ப்பக்கத்துத் தலைவர். தெருவில் வேறு தையல்காரர் இல்லாததால் இரண்டு கட்சிக் கொடியையும் என் வீட்டுக்காரரே தைத்தார். மாதவன் அண்ணனின் கொடிகளுக்கு ஓரம் மட்டும் மடித்துத் தைக்க மாட்டார். பத்து நாளில் நூல் நூலாகப் பிரிந்துவிடும். அவரால் முடிந்த போராட்டம்.

கொளும்பு முதலாளி வருகிறார்

இந்தச் சமயத்தில்தான் கொளும்பு முதலாளி ஊருக்குத் திரும்பினார். குன்னத்துகால் பக்கத்துக்காரர். கொளும்பில் கடை வைத்திருந்து, வயதான காலத்தில் ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தவர். மண்டபத்துக்கு எதிரில் கிடந்த தோப்பை வாங்கி, தென்னைகளை வெட்டி, கான்கிரீட் போட ஆரம்பித்தார்.

மூன்று மாடி. கீழே கடைகள், நடுவில் ஆபீஸ் அறைகள், மேலே லாட்ஜ். அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் ஒரு இரும்புக் கம்பம். அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. களியக்காவிளையிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே போவார்கள்.

கட்டடத்துக்கு முன்னால் பெரிய பெயர்ப்பலகை வைத்தார். ஆனால் ஒன்றும் எழுதவில்லை. எந்த ராஜ்யம் என்று முடிவாகட்டும், அதற்குப் பிறகு எந்த எழுத்தில் எழுதுவது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். வியாபாரி அல்லவா. அதனால் அந்தக் கட்டடத்துக்கு வெள்ளைப்பலகை என்றே பெயர் நின்றுவிட்டது.

ஆளுக்கொரு காரணம்

அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து தெருவே ஒற்றுமையாக அதை எதிர்த்தது. காரணங்கள்தான் வேறு வேறு.

கோவில்காரர்களுக்கு, கோவிலைவிட உயரம் என்று கோபம். சர்ச்காரர்களுக்கு, மணிக்கூண்டைவிட உயரம் என்று கோபம். இரண்டு கமிட்டியும் அதற்கு முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. வெள்ளைப்பலகை புண்ணியத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

தமிழ்க் கட்சி, இது திருவனந்தபுரத்திலிருந்து ஆபீசர்களைக் கொண்டுவந்து குடிவைக்கப் போடும் திட்டம் என்றது. எதிர்க்கட்சி, இது மெட்ராசிலிருந்து ஆட்களை இறக்கப் போடும் திட்டம் என்றது. டீக்கடை குஞ்ஞன், இடி விழும் என்றார். எதன்மேல் என்று கேட்டால், அதன்மேல் விழுந்து சறுக்கித் தன் கடைமேல் விழும் என்று கையால் வளைத்துக் காட்டினார்.

மாமிக்கு நிழல் பிரச்சினை. மத்தியானத்துக்கு மேல் கட்டடத்தின் நிழல் எங்கள் முற்றத்தில் விழுந்தது. “வற்றல் காயல்ல, மிளகு காயல்ல, எனக்க தலைமுடிகூடக் காயல்ல” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எல்லோரும் சேர்ந்து கலெக்டருக்கு மனு கொடுப்பது என்று கல்மண்டபத்தில் கூடினார்கள். மனுவை எந்த பாஷையில் எழுதுவது என்று பேச்சு வந்தது. அன்றைக்கு இருட்டும்வரை பேசினார்கள். மறுநாளும் பேசினார்கள். மனு எழுதப்படவே இல்லை. கட்டடம் அதற்குள் இரண்டாவது மாடிக்குப் போய்விட்டது.

மூன்றாவது மாடி முடிவதற்குள் என்ன ஆனது தெரியுமா? எதிர்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் முதலாளியிடம் இடம் கேட்டார்கள். குஞ்ஞன் டீக்கடையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். இடி பயம் போய்விட்டது போலிருக்கிறது. நடு மாடியில் இடது அறை தமிழ்க் கட்சிக்கு, வலது அறை எதிர்க்கட்சிக்கு. என் வீட்டுக்காரர் படிக்கட்டுக்குப் பக்கத்துக் கடையில் தையல் மிஷினைக் கொண்டுபோய் வைத்தார். கேட்டதற்கு, “எதிரியைப் பக்கத்தில் நிண்ணு கவனிக்கணும் பிள்ளே” என்றார்.

என் காரணம்

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைக் கல்மண்டபத்தில் போய்ச் சொல்ல முடியாது.

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார், மாமி, இரண்டு நாத்தனார்கள், ஒரு கொழுந்தன், அவருடைய பெரியம்மா, தையல் கற்றுக்கொள்ள வந்து தங்கிய இரண்டு பையன்கள். காலையில் கண்ணைத் திறந்தால் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ராத்திரி கண்ணை மூடும்போதும் யாருக்காவது தண்ணீர் வேண்டியிருக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்குமேல் ஒரு பொழுது மட்டும் எனக்கு. கிணற்றடியில் தென்னோலை முடைந்து கட்டிய மறைப்பு ஒன்று இருந்தது. நாலு பக்கமும் ஓலை, கீழே ஒரு துவைகல், மேலே ஆகாசம். அதற்குள் போய்விட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். குளிக்கிறவளை வேலை ஏவக்கூடாது என்பது மாமியின் சட்டம். அவள் அப்படி நியாயமான பொம்பளை.

குளிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். மீதி நேரம் கல்லில் உட்கார்ந்து மேகத்தைப் பார்ப்பேன். சிலநாள் ஒன்றையும் பார்க்க மாட்டேன், சும்மா இருப்பேன். அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது என்றால் அது அதுதான். அந்த இடத்தின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

ஒருநாள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மேகம் பார்க்க நிமிர்ந்தேன். மேகம் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலில் ஒரு கொத்தனார் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்கேயோ பார்த்தபடிதான் நின்றார், பாவம். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சேச்சியின் வாளி டமாரென்று விழுந்தது. அவளும் பார்த்துவிட்டாள்.

“எடீ கொச்சே, இனி நமக்குக் குளிக்கண்டே?” என்றாள்.

குளிக்க வேண்டாமா என்று கேட்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெருவில் எல்லாக் கிணற்றடியிலும் இதே கதைதான். ராத்திரி அவரிடம் சொன்னேன். “நாடே ரெண்டாப் பிரியப் போவுது, நீ குளிக்கியதப் பத்திப் பேசுதா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒப்பந்தம்

எங்கள் ஊரில் மரம் ஏறுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. தென்னையோ பனையோ, ஏறுவதற்கு முன்னால் அடியில் நின்று உரக்கக் கூவ வேண்டும். மேலே போனால் நாலு வீட்டுக் கிணற்றடி தெரியும் இல்லையா, அதற்குத்தான். கூவல் கேட்டதும் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். ரோட்டில் நிற்கும் ஆண்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் ஏன் குனிய வேண்டும், அவர்கள் கீழேதானே நிற்கிறார்கள் என்று நானும் யோசித்திருக்கிறேன். முறை அப்படி.

போன மாதம் முட்டிவலிக்காகக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். லிஃப்ட் கதவு மூடி மேலே கிளம்பியதும் எனக்கு வாய் தானாகத் திறந்தது. பேத்தி கையைப் பிடித்து அழுத்தினாள். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

நானும் சேச்சியும், சர்ச் பக்கத்து ஞானம்மாளும் முதலாளியைப் பார்க்கப் போனோம். முன்னால் மாமி. எங்கள் பக்கத்து ஜன்னல்களை அடைக்கச் சொன்னோம்.

“காத்து வரண்டாமா? லாட்ஜ் ஆக்கும் கெட்டியிருக்கேன்” என்றார் அவர்.

“அப்பம் மரத்துக்குள்ள முறை இதுக்கும்” என்றாள் மாமி. “ஆரு மேல கேறினாலும் படிக்கெட்டில நிண்ணு கூவணும்.”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். செலவில்லாத காரியம் என்று தோன்றியிருக்க வேண்டும். “கூவட்டும், நல்லாக் கூவட்டும்” என்று ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வெள்ளைப்பலகையில் ஏறுகிற ஒவ்வொருவரும் கூவினார்கள். சிமெண்ட் சுமந்தவர்கள் கூவினார்கள். கட்சிக்காரர்கள் கூவினார்கள். தமிழ்க் கட்சிக்காரர்கள் கூவலில் கொஞ்சம் வீரம் சேர்த்தார்கள், எதிர்க்கட்சியினர் ராகம் சேர்த்தார்கள். நாகர்கோவிலிலிருந்து பேச வந்த பெரிய வக்கீல் ஒருவர், கோட்டும் டையுமாகப் படிக்கட்டடியில் நின்று, என் மாமி பார்த்துக்கொண்டிருக்கக் கூவியதை நானே ஜன்னல் இடுக்கு வழியாகக் கண்டேன். இருமல் மாதிரித்தான் வந்தது. மாமி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை கூவ வைத்தாள்.

லாட்ஜ்தான் பாவம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த மருந்துக் கம்பெனி ஏஜெண்ட், கூவிவிட்டுத்தான் அறைக்குப் போகணும் என்று கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்படியே பலரும்.

எனக்கோ திரும்பவும் மேகம் கிடைத்தது. ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

கொடி

அப்புறம் தடை உத்தரவு வந்தது. கூட்டம் கூடாது, கொடி ஏற்றக்கூடாது. வெள்ளைப்பலகையின் மேல்மாடிக்கு யாரும் போகக்கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. வடக்கேயிருந்து வந்த ஒரு சப் இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீஸ்காரர்களும் கல்மண்டபத்தில் தங்கினார்கள். எங்கள் தெரு முறையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு அந்த இரும்புக் கம்பத்தைப் பார்க்கப் பார்க்கக் கை ஊறியது. அதில் கொடி ஏறினால் பாறசாலை வரைக்கும் தெரியும். கட்சியில் பேசுகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள், ஏறுகிறவர் ஒருவரும் இல்லை. அதனால் தென்னை ஏறும் தங்கையனைப் பிடித்தார்.

நேரம் சாயங்காலம் நாலு மணிக்குமேல் என்று வைத்தார். போலீஸ்காரர்கள் குஞ்ஞன் கடையில் டீ குடிக்கும் நேரம். தெருப் பெண்கள் குளிக்கும் நேரமும் அதுதான் என்பது அவருக்கு நினைவில்லை. நினைவிருந்தும் பரவாயில்லை என்று வைத்தாரா என்று பிற்பாடு கேட்டேன். ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டார்.

கொடியை வேட்டிக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு தங்கையன் படிக்கட்டுக்கு வந்தான். சத்தமே வரக்கூடாது, பூனை மாதிரிப் போகணும் என்று இவர் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் தலையாட்டியிருந்தான். ஆனால் முதல் படியில் கால் வைத்ததும், பழகிய வாய், தானாகக் கூவிவிட்டது. அதுவும் சும்மா இல்லை. நாலு ஊருக்குக் கேட்கிற கூவல்.

அதுதான் சோப்பு முகத்தோடு நான் கேட்டது.

மாமியும் இன்ஸ்பெக்டரும்

டீக்கடையில் இருந்த போலீஸ்காரர்கள் துள்ளி எழுந்தார்களாம். “எந்தா ஈ ஒச்ச?” என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர். இது என்ன சத்தம் என்று.

“ஒண்ணுமில்ல சாறே, ஆரோ மேல கேறுதாவ” என்றார் குஞ்ஞன், சர்க்கரையைக் கலக்கியபடியே. உதவி செய்வதாக நினைப்பு.

மேலே யாரும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். டீயை அப்படியே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார். படிக்கட்டில் மாமி நின்றாள். முற்றத்தில் மிதிபட்ட வற்றலுக்கு யாரைத் திட்டலாம் என்று தேடிக்கொண்டு வெளியே வந்தவள், போலீஸ் சத்தமில்லாமல் ஏறப்போவதைப் பார்த்துவிட்டாள்.

“கூவாம கேறப்படாது சாறே.”

“அம்மச்சி, மாறி நில்லு!”

“ஆரானாலும் முறை ஒண்ணுதான். பொம்பளப்பிள்ளைய குளிக்கிய நேரமாக்கும்.”

“இப்பதானே ஒருத்தன் கூவினான்!” என்று டீக்கடையிலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

“அவன் கூவினது அவனுக்கு. இவரு கேறணுமின்னா இவரு கூவணும்.”

இன்ஸ்பெக்டர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். மாமி மரச்சீனிக் கிழங்கைப் பற்றியும் நிழலைப் பற்றியும் சொன்னாள். வயதான பொம்பளையைப் பிடித்துத் தள்ளவும் முடியவில்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற ஒரு இளம் போலீஸ்காரரைப் பார்த்து, “கூவெடோ!” என்று உத்தரவு போட்டார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூவினார். வெட்கத்தில் குரல் பாதியில் உடைந்தது. “இன்னும் கொஞ்சம் உரக்க” என்றாள் மாமி.

அதற்குள் தங்கையன் கம்பத்தின் உச்சியில் கொடியைக் கட்டி முடித்திருந்தான். கீழே பூட்ஸ் சத்தம் கேட்டதும் மாடியின் பின்பக்கம் போய், வெட்டாமல் விட்ட ஒரு தென்னைக்குத் தாவி, சறுக்கி இறங்கி, வயல் வழியாகப் போய்ச் சேர்ந்தான்.

ஏறினது யார் என்று இன்ஸ்பெக்டர் தெருவில் நின்றவர்களையெல்லாம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. பொய் இல்லை, உண்மையாகவே தெரியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் மாதவன் அண்ணனைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

“ஞான் எங்ஙனெ காணும் சாறே?” என்றார் அண்ணன். “கூவல் கேட்டா நாங்க தல குனியும். அதாக்கும் இஞ்சத்த மரியாத.”

கூவல் கேட்டதும் அத்தனை ஆண்களும் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தெருவில் ஒரே ஒரு ஆள் மட்டும் அண்ணாந்து மேலே பார்த்தபடி, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். கொடி விரிந்து பறக்கிற அழகைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கொடியை இறக்கப் போலீஸில் யாருக்கும் அந்தக் கம்பத்தில் ஏறத் தெரியவில்லை. மறுநாள் கூலிக்கு ஆள் தேடித் தங்கையனையே கூட்டி வந்தார்கள். அவனும் முறையாகக் கூவிவிட்டு ஏறி, இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

தியாகி வந்தார்

கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். கட்சிக்காரர்கள் மாலையோடு ரோட்டிலிருந்து ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். வீர முழக்கம் எல்லாம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் தெருவில் ஒரு பெண்ணும் வாசலுக்கு வரவில்லை.

தெருப் பெண்களைப் பொறுத்தவரை அவர் நாட்டுக்காக உள்ளே போகவில்லை. கூவல் கேட்டும் அண்ணாந்து பார்த்ததற்காக உள்ளே போனார். ஞானம்மாள் அவரைக் கண்டதும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மாமிக்கு மாலை போட்டார்கள், கொடிக்காகப் போலீசைத் தடுத்த வீரத்தாய் என்று. “எந்தக் கொடி?” என்று கேட்டாள் மாமி. விஷயத்தைச் சொன்னதும் மாலையைக் கழற்றி மகனைத்தான் அடிக்க ஓங்கினாள். “பிள்ளைய குளிக்கிய நேரத்திலயா ஆளக் கேத்தினா, எலே?”

நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார்.

“நம்ம எல்லைக்குவேண்டி ஆக்கும் பிள்ளே செய்தேன்.”

“உங்களுக்க எல்லை எங்கயோ போட்டும். எனக்க எல்லை அந்த ஓலையாக்கும். அதுக்கு ஆரு கொடி பிடிச்சா?”

மறுநாள் தையல் கடையில் மீந்து கிடந்த கொடித்துணிகளை எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்து, மறைப்புக்கு மேலே பந்தல் மாதிரிக் கட்டினார். இரண்டு கட்சித் துணியும் அதில் கலந்திருந்தது. இந்தத் தடவை ஓரமெல்லாம் ஒழுங்காக மடித்துத் தைத்திருந்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தது, ஆகாசமும் இல்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு அவிழ்த்துவிட்டேன்.

முடிவில் கொளும்பு முதலாளிதான் வழிக்கு வந்தார். கூவச் சொன்னால் லாட்ஜுக்கு ஆள் வருவதில்லை என்று கண்டு, எங்கள் பக்கத்து ஜன்னல்களுக்கு முன்னால் செங்கல்லைச் சாய்த்து வைத்துக் காற்று மட்டும் போகிற மாதிரி ஒரு சுவர் எழுப்பினார். அவர் சொன்னார், வெயில் தடுப்புக்காக என்று. சரி என்று நாங்களும் தலையாட்டினோம். எனக்கு என் நாலு மணி முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

ரேடியோ

எல்லை முடிவான செய்தி வெள்ளைப்பலகையின் கீழ்த்தளத்து ரேடியோவில்தான் வந்தது. தெருவே அதற்கு முன்னால் நின்றது. விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது. கல்குளம் போனது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் போனது. நெய்யாற்றின்கரை போகவில்லை. நாங்கள் இங்கேயே.

மாதவன் அண்ணன் ஆட்கள் வெடி வாங்கி வைத்திருந்தார்கள். அண்ணன் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாளெப் போதும்” என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

இவர் நேராக வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கூடத்தில் மாமனார், பெரியம்மா, பையன்கள், எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அறையில் நாத்தனார்கள். திண்டாடிப்போய் நடுவில் நின்றார். அந்த வீட்டில் ஒரு மனுஷன் தனியாகப் போய் நிற்க ஓர் இடமில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் வந்து மெதுவாக, “நீ இண்ணு குளிச்சாச்சா?” என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது. “நான் நாளைக்குக் குளிக்குதேன். நீங்க போங்க” என்றேன்.

துண்டுகூட எடுக்காமல் ஓலை மறைப்புக்குள் போனார். நான் கிணற்றடியில் வாளியோடு நின்றேன். பிறகு கேட்டது. அவ்வளவு பெரிய மீசை வைத்த மனுஷன், குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

மாமி பின்கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உள்ள ஆரு?”

“அவருதான். குளிக்கியாரு.”

“தண்ணி சத்தம் கேக்கல்லியே?”

நான் அவசரமாக ஒரு வாளி இறைத்துத் துவைகல் ஓரத்தில் ஊற்றினேன். இன்னொரு வாளி. இன்னும் ஒன்று. கை சளைத்துக் கொஞ்சம் நின்றேன். உள்ளே சத்தம் நிற்கவில்லை.

அப்போது கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினம் கிரீச்சிட்டது. பார்கவி சேச்சிதான். அவளும் வாளி வாளியாக இறைத்து, சும்மா கிடந்த கல்லின் மேல் ஊற்ற ஆரம்பித்தாள்.